கடலடிக்கு ஒரு கண்ணாடி

சங்ககிரியில் சேலம் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் புதுத் தாம்புக்கயிறு ஒன்றைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். முன் இருக்கையில் ஓர் இளம்பெண், அருகிலிருந்த வயதான அம்மாளிடம் சொன்னாள்:

“அறுப்பு முடிஞ்சதும் ராமேசுவரம் போறமுங்க. கடலுக்கு அடியில என்ன இருக்குதுன்னு முங்கிப் பாக்கோணும்.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“எல்லாரும் தீர்த்தமாடத்தான போவாங்க?” என்றார் அம்மாள்.

“அது சாமிக்குங்க. இது எனக்கு.”

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். லாரி டியூப்பை அறுத்து, இரண்டு வட்டக் கண்ணாடி பதித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றுவிட்டார்.

“எந்தம்பி பட்டறையில செஞ்சு குடுத்தானுங்க. உப்புத்தண்ணியில கண்ணு எரியுமாமா.”

“கடலு என்ன கெணறா சாமி? அடி எங்கன்னே தெரியாது!” என்றார் அம்மாள்.

“எங்க கெணத்தையும் அப்படித்தானுங்க சொன்னாங்க. மோட்டாரு குழாயில சேறு அடச்சப்ப ஒரு ஆம்பளையும் எறங்கல. நாந்தான் கல்லைப் புடிச்சுக்கிட்டு அடிவரைக்கும் போயி எடுத்துட்டு வந்தேன். இப்ப சுத்துப்பட்டுல எங்க அடச்சாலும் என்னையத்தான் கூப்புடறாங்க.”

“உங்கூட்டுக்காரரும் முங்குவாரா?”

“அவருக்கு நீச்சலே தெரியாதுங்க. எப்பவும் மேல நின்னு கயித்தப் புடிச்சுக்குவாரு.”

“கடல்ல அதுக்குப் படகுக்காரன் இருப்பானே?”

அதுவரை வாயே திறக்காத என் பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் குனிந்தார்.

“அந்தக் கயித்த மட்டும் இன்னொருத்தன் கையில குடுக்க மாட்டனுங்க.”