அன்புச்செல்வன் கேட்ட மேல்கரை மட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் கண்காணிப்புப் பொறியாளர் அவர்களே, பொறியாளர் சங்கத் தலைவர் அவர்களே, ஒப்பந்தக்காரர் சங்கத்து நண்பர்களே, விழுப்புரத்திலிருந்தும் கெடாரிலிருந்தும் இரண்டு பஸ் மாறித் திண்டிவனம் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி மலர்விழி அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் சுப்பராயலு. வரைபடப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதன்பிறகும் தொகுப்பூதியத்தில் ஆறு ஆண்டுகள், மறைந்த உதவி செயற்பொறியாளர் அன்புச்செல்வன் அவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்தவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. பயத்தில் எதையாவது விட்டுவிடக் கூடாது என்று எண் போட்டு எழுதி வந்திருக்கிறேன்.

ஒன்று: திட்டமிடும் காலத்தில் அவர் எப்படி வேலை செய்தார்.

இரண்டு: டெண்டர் காலத்தில் எப்படி நடந்துகொண்டார்.

மூன்று: நேர்மையாளரான அன்புச்செல்வன் அவர்கள் செய்த ஒரே தவறு, அதாவது கெடார் பக்கத்து ஓடைப் பாலத்தின் வெள்ள மட்டம்.

நான்கு: நாம் இன்று எடுத்துக்கொள்ள வேண்டிய உறுதி.

மூன்றாவதைக் கேட்டுச் சிலருக்கு மனம் சங்கடப்படலாம். இரங்கல் கூட்டத்தில் குறை சொல்வதா என்று கேட்கலாம். அது அவரே தம் கையெழுத்தில் ஒப்புக்கொண்ட தவறு. அதைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை.

முதலில் ஒன்று.

அன்புச்செல்வன் அவர்களின் சட்டைப் பையில் எப்போதும் மூன்று மீட்டர் டேப் இருக்கும். டீக்கடையில் நின்றாலும் படியின் உயரத்தை அளப்பார். தம் சொந்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்கப் போன இடத்தில், தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மேடை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அவர் துணைவியார் மலர்விழி அம்மா சிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு பாலம் போட வேண்டுமானால் முதலில் என்ன தெரிய வேண்டும்? அந்த ஓடையில் இதுவரை வந்த பெரிய வெள்ளம் எதுவரை ஏறியது என்று தெரிய வேண்டும். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஊருக்குப் போய்க் கேட்க வேண்டும். பெரியவர்கள் ஐந்து பேர் கோயில் சுவரையோ மோட்டார் கொட்டகையையோ காட்டி "இது வரைக்கும்" என்பார்கள். அங்கே அளவுகோலை வைத்து மட்டம் எடுத்து, ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். என் காலம் முழுவதும் இப்படித்தான் செய்தோம். கெடார் ஓடைக்கும் அப்படித்தான் செய்தோம். கீழ்க்கரையில் கோயில் படியைக் காட்டினார்கள். மட்டம் 61.20 மீட்டர் என்று எழுதிக்கொண்டேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன்.

அவர் ஏறவில்லை. "சுப்பராயலு சார், மேல்கரையில யார கேட்டோம்?" என்றார்.

மேல்கரையில் காலனி இருக்கிறது. காலனியில் கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. கேட்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெயிலில் நடந்து போனோம். முதல் வீடு கெங்கம்மாளுடையது. அவர் இப்போது இந்தக் கூடத்தில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அன்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எங்கள யாரு சார் கேட்டாங்க? ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டுட்டா தண்ணி அதுக்குக் கட்டுப்பட்டுக்கினு போயிடுமா?"

"இப்ப கேக்கறேன்மா, சொல்லுங்க," என்றார் அன்புச்செல்வன்.

"தோ, இந்த வெளக்கு மாடம். இது வரிக்கும் வந்துச்சி. வெளக்கு தண்ணியில மெதந்துக்கினு போச்சி. புள்ளைங்கள தூக்கிக்கினு பரண் மேல ஏறிக் குந்திக்கினோம். எங்க மாமியார ஏத்த முடியல."

மாமியாருக்கு என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. அன்புச்செல்வன் அவர்களே அளவுகோலைத் தூக்கி மாடத்தின் அடியில் நிறுத்தினார். 62.05. அந்த இடத்தில் ஓடை வளைகிறது. வெள்ளம் மேல்கரையில் முட்டித்தான் திரும்பும். கோயில் ஓடையின் போக்கில் அதற்கு இரண்டு பர்லாங் கீழே இருக்கிறது. இந்த எளிய விஷயம், படம் வரைந்தே தலை நரைத்த எனக்கு ஏன் தோன்றவில்லை?

இனி இரண்டு. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டெண்டர் விட்ட நாளிலிருந்து அவர் அறைக் கதவு மூடியதே இல்லை. கான்கிரீட் சோதனைக்கு வார்த்த கட்டி ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருப்பார். ஒப்பந்தக்காரர் யார் வந்து என்ன சந்தேகம் கேட்டாலும், கேள்வியையும் பதிலையும் தாளில் எழுதிப் பலகையில் ஒட்டச் சொல்வார். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பார். இங்கே இருக்கும் ஒப்பந்தக்காரர் பூவரசன் ஒருநாள், "சாரு ரூமுக்குக் கதவே வேஸ்டு. கழட்டி கேட்டுக்கு மாட்டிடலாமே," என்றார். "மாட்டலாம்யா. அதுக்கும் டெண்டர் விடணுமே," என்றார் அன்புச்செல்வன். வராந்தா முழுக்கச் சிரித்தது.

இப்படிப்பட்டவர் எதற்கும் பயப்படாதவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நான் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அவர் பயந்தார். ஒவ்வொரு படத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். "நாம கோடு போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறோம் சார். அதுமேல ஜனம் நடக்குது. பயமா இல்ல உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டிருக்கிறார். எனக்கும் பயம் உண்டு. ஆனால் அவருடைய பயம் நடக்கிற ஜனத்துக்காக. என்னுடையது எனக்காக.

மூன்று.

கோயில் படி மட்டத்தை வைத்து, அதற்கு மேல் தொண்ணூறு சென்டிமீட்டர் விட்டு, பாலத்தின் அடிமட்டம் 62.10 என்று படத்தில் குறித்தோம். அதே படத்தை வைத்துத்தான் டெண்டர் விட்டார்கள். மாடத்தின் மட்டம் 62.05. கெங்கம்மாள் பார்த்த வெள்ளம் மறுபடி வந்தால், தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளிதான். வெள்ளம் வெறும் தண்ணீராகவா வருகிறது? மரம் வரும், முள் வரும், கூரை வரும். அவை பாலத்தில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எங்கே போகும்? காலனிக்குள்தான் போகும்.

போன ஐப்பசியில் ஓடை ஏறியது. அன்புச்செல்வன் அவர்கள் அங்கே போவதற்குள் தண்ணீர் வடிந்திருந்தது, கெங்கம்மாளின் மண் சுவர் விழுந்திருந்தது. மாடமும் போய்விட்டது. அவர் திரும்பி வந்து டெண்டர் படத்தை விரித்தார். மேல்கரை மட்டம் அதில் இல்லை.

அன்றே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். "மேல்கரை மட்டத்தைப் படத்தில் சேர்க்காமல் விட்டது என் தவறு. டெண்டரை ரத்து செய்து படத்தைத் திருத்த வேண்டும்." என்ன நடந்தது? அந்த மட்டத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். கள அளவுகளை எழுதும் மட்டப் புத்தகம் கிடைக்கவில்லை. மாடம் இருந்த சுவரும் இல்லை. ஆதாரமில்லாமல் டெண்டரைத் தடுத்தார் என்று விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது. யாருக்கோ சாதகமாக நிறுத்தப் பார்க்கிறார் என்று வெளியே பேசினார்கள். குறிப்பாணை வந்த பத்தொன்பதாம் நாள் காலை, விழுப்புரத்தில் தம் வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது சரிந்தார். அதனால்தான் என்று சொல்ல எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் பத்தொன்பது நாள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு விலை உறையைத் திறக்கிறார்கள். பழைய படம்தான், 62.10தான். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டால் அதற்குப் பிறகு அடிமட்டத்தை ஏற்றுவார் யாருமில்லை என்பது இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இன்று நான் உள்ளே வரும்போது வாசலில் இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். பூவரசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நாலு நல்ல வார்த்த சொல்லிட்டு எறங்கிடுங்க. திங்கக்கெழம கவர் தெறக்கறாங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் பேஜாரு?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

இன்னொருவர் கெங்கம்மாள். "அந்த சாரு அளந்தப்ப மஞ்ச அட்ட புக்குல எழுதினாங்களே. நீங்கதான எழுதினீங்க சார்? அது எங்க சார் போச்சி?"

நான் உள்ளே நடந்து வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அம்மா, அது எங்கும் போகவில்லை. இந்தப் பையில்தான் இருக்கிறது.

இதோ. பதினேழாம் பக்கம், என் கையெழுத்து. "மேல்கரை, கெங்கம்மாள் வீட்டு விளக்கு மாடத்தின் அடி, 62.05. படத்தில் ஏற்றுக." பக்கத்தில் அன்புச்செல்வன் அவர்களின் சுருக்கொப்பமும் தேதியும்.

அவர் ஏற்றச் சொன்னார். நான் ஏற்றவில்லை. அவசரத்தில் கோயில் படி மட்டத்தை மட்டும் வைத்து முடித்த படம் மறுநாளே ஒப்புதலுக்குப் போய்விட்டது. மார்ச் முடிய எட்டு நாள். திரும்ப வாங்கினால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தேன். ஒப்புதலாகி வந்த இருபத்துமூன்று தாள்களை டெண்டருக்காக அவர் மேசையில் வைத்தபோது, "மேல்கரை மட்டம் ஏத்திட்டீங்களா சார்?" என்று கேட்டார். "ஆச்சுங்க," என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி வெள்ளத்துக்குப் பிறகு புத்தகத்தைக் கேட்டார். தேடினேன், கிடைக்கவில்லை என்றேன். அது என் வீட்டுப் பீரோவில் இருந்தது. அப்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்ககிட்ட சொன்னேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். சொல்லலையோ என்னமோ. எனக்கும் வயசாவுது." தாம் சொன்னோமா என்று தம்மையே சந்தேகப்பட்டார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தக் குறிப்பாணை வந்திருக்குமா? இந்தக் கூட்டம் நடந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. எது முன்னால், எது பின்னால் என்று எண் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நான்கு, உறுதி.

உங்களை எந்த உறுதியும் எடுக்கச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் உறுதியைச் சொல்கிறேன். இந்தப் புத்தகத்தை இப்போதே, இத்தனை பேர் பார்க்க, கண்காணிப்புப் பொறியாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். படத்தில் மட்டத்தை விட்டது யார், புத்தகத்தை மறைத்தது யார் என்று கையெழுத்திட்ட கடிதமும் உள்ளே இருக்கிறது. அதன் நகல் ஒன்று மலர்விழி அம்மாவுக்கு. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அலுவலக வாசலில் நிற்பேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பயந்த இடத்தில் போய் நின்று பயப்படுகிறேன்.

கடைசியாக ஒன்று. மட்டப் புத்தகத்தில் ரப்பர் போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அடித்தது பின்னால் வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும். உரையின் தொடக்கத்தில் நான் படித்த பட்டியலில் மூன்றாவது, "அன்புச்செல்வன் அவர்கள் செய்த ஒரே தவறு" என்று இருக்கிறது. நேற்று வீட்டில் எழுதும்போதுகூட என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை. அது தவறு. அவர் பெயரை ஒற்றைக் கோட்டால் அடிக்கிறேன். மேலே சுப்பராயலு என்று எழுதுகிறேன். பக்கத்தில் என் சுருக்கொப்பம், இன்றைய தேதி.