கோட்டுக்கு உள்ளே

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்துகிறவனுக்கு உட்கார்ந்து பேசக் கிடைப்பது பெரிய சுகம். காபி வேண்டாம், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கமிட்டியார் முன்னால் இருக்கிற புகார் சின்னதுதான். சென்ற மாதம் தேனாம்பேட்டையில் நடந்த ரிலே பந்தயத்தில் எங்கள் சாந்தோம் கிளப் கோப்பையை வென்றது. முதலில் வடிவேலு ஓடினான், அடுத்து கிச்சா, மூன்றாவதாக நான், கடைசியில் இனாயத். நான் இனாயத்திடம் கோலைக் கொடுத்தது சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் என்று இரண்டாவதாக வந்தவர்கள் சொல்கிறார்கள். அது நிஜமானால் கோப்பை அவர்களுக்குப் போக வேண்டியது. இனாயத் வந்து பதில் சொல்ல முடியாது. பந்தயம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் அவன் தாடை பூட்டிக்கொள்ளும் இசிவு நோய் கண்டு இறந்துபோனான்.

கிச்சா உங்களிடம், "கோல் உள்ளேயேதான் மாறித்து, நான் பாத்துண்டே இருந்தேன்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவன் அப்போது மைதானத்தின் மறுகோடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, சிநேகத்துக்காகச் சொல்கிறான். அந்தச் சாட்சியத்தை நீங்கள் தள்ளிவிடலாம்.

அவ்வளவு வேகத்தில் ஓடுகிறவருக்குக் கோல் கைமாறிய இடம் எப்படித் துல்லியமாகத் தெரியும் என்று தலைவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த இடத்தை நான் முதல்நாளே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அதை விளக்கக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கமிட்டியில் எல்லோரும் ஓடினவர்கள் இல்லை என்பதால் சொல்கிறேன். கோல் மாற்ற இருபது கஜம் இடம் விட்டிருப்பார்கள். அதற்குள் மாற்றிவிட வேண்டும். மற்ற கிளப்புகளில் கோலை வாங்குகிறவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓடி வாங்குவான். திரும்பிப் பார்க்கிறவனுடைய வேகம் செத்துப்போகும். எங்கள் கிளப்பில் யாரும் திரும்புவதில்லை. பின்னால் வருகிறவன் தரையில் வைத்த அடையாளத்தைத் தொட்டதும் முன்னால் நிற்கிறவன் கிளம்ப வேண்டும். "கை" என்று ஒரு குரல். கை பின்னால் நீளும். கோல் அதில் வந்து உட்காரும். இந்த முறையை அணிக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

இனாயத்துக்கு இது லேசில் வரவில்லை. ஜட்கா ஓட்டுகிற ஷரஃபுதீனுடைய மகன், குதிரைகளுக்கு நடுவே வளர்ந்தவன், பின்னால் சத்தம் கேட்டால் திரும்பத்தான் செய்வான். சாந்தோம் கடற்கரையில் காலை வேளைகளில் அவனை ஓட விட்டு, திரும்பும்போதெல்லாம் பிடரியில் கோலால் ஒன்று வைப்பேன். பலமாக இல்லை, எலும்பில் படும்படி. மழைக்காலம் முடிவதற்குள் திரும்புவதை விட்டுவிட்டான். அவன் தங்கை நஸ்ருன்னிசா ஒருநாள் என்னிடம் முறையிட்டாள்: "எங்க பாய்ஜானுக்கு இன்னா மந்திரம் போட்டீங்கோ மாஸ்டர்? கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குது. கைய மட்டும் பின்னால நீட்டுது." அப்படி நீட்டின கையில் அவள் கொய்யாப்பழம் வைப்பாளாம். கேட்டு எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வேலை முழுமையாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவன் கிளப்புக்கு வருவதற்கு முன்னால் கடைசி ஓட்டம் என்னுடையதாக இருந்தது. இதை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னைவிட அவன் வேகமானவன், அதனால் நானே ஒதுங்கிக்கொண்டேன். கடைசியாக ஓடுகிறவனைத்தான் ஜனங்கள் தோளில் தூக்குவார்கள், அவன் பெயரைத்தான் கூவுவார்கள். அதெல்லாம் சின்ன விஷயம். எனக்குப் பொறாமை கிடையாது. நாலு பேரும் ஓர் உடம்பு என்று நினைக்கிறவன் நான்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பயிற்சி முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது இனாயத் சொன்னான்: "ரயில்வே டீமுக்கு என்னைக் கூப்ட்டுக்கினு கீறாங்கோ வாத்தியாரே. வேலையும் உண்டாம், வீடும் உண்டாம். நைனா இனிமே வண்டி ஓட்ட வேணாம். உங்களாண்டதான் மொதல்ல சொல்றேன்."

எப்போது போகிறாய் என்று கேட்டேன்.

"இந்தக் கோப்பை முடிஞ்சதும். வர்ற வருசம் உங்களுக்கு எதிர்லதான் ஓடுவேன், பாத்துக்கினே இருங்கோ" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். நல்ல செய்தி என்றேன், முதுகில் தட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தேன். திரும்பிப் பார்க்காத அந்தப் பிடரி என்னுடையது. பின்னால் நீளும் அந்தக் கை என்னுடையது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வேறொருவன் குரலுக்கு நீட்டப் போகிறான். பாடுபட்டு வளர்த்த தோட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் வேலி போட்டு வளைத்தால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை.

அவன் காலில் காயம் பட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் வெறுங்காலோடு ஓடுகிறவன். எங்களில் ஆணி பூட்ஸ் என்னிடம் மட்டும்தான் உண்டு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச் சென்றது. ஆனால் வெறும் ஆணிக்காயம் பத்து நாளில் ஆறிவிடும். ரயில்வேக்காரர்கள் பத்து நாள் பொறுக்க மாட்டார்களா? பொறுப்பார்கள். எனக்கு அதைவிட நீண்ட ஒன்று தேவைப்பட்டது.

ஷரஃபுதீனுடைய லாயம் மயிலாப்பூரில் கால்வாய்க்கரையில் இருக்கிறது. அவர் மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் வண்டி போடுகிறவர். இரண்டு குதிரைகள், அவற்றைப் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்வார். அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காலில் காயம் இருக்கிறவர்கள் லாயத்தின் படியை மிதிக்கக் கூடாது. நான் முதன்முதலில் போனபோதே என் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். "ஒரு கீறல் இருந்தாலும் வராதீங்கோ மாஸ்டர். குதிரை லத்தி காயத்துல பட்டா தாடை பூட்டிக்கும். அப்பால தொறக்காது." எனக்கு அது புதிய தகவல். நல்ல தகவல்களை நான் மறப்பதில்லை.

பந்தயத்துக்கு முதல்நாள் மாலை பூட்ஸை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தோல் காய்ந்துவிட்டது, குதிரைச் சேணத்துக்குப் போடுகிற எண்ணெயைக் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டேன். எண்ணெயைக் கொடுக்கிறதாவது, அவரே மடியில் வைத்துக்கொண்டு பூசிக் கொடுத்தார். மகனுக்குக் கோல் கொடுக்கப் போகிற கால்களல்லவா என்றார். அவர் டீ கொண்டுவர உள்ளே போன நேரத்தில் லாயத்தின் ஈர மூலையில் கிடந்த சாணத்தில் பூட்ஸை அழுத்தி வைத்தேன். ஆணிகளின் அடியில் நன்றாக அப்பிக்கொண்டது. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். நன்றாக இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இனாயத் கிளம்புவதற்கான அடையாளம் ஒரு கிளிஞ்சல். கடற்கரையில் அவனே பொறுக்கியது. ஒவ்வொரு பந்தயத்திலும் அடியளந்து அதைப் புல்லில் வைப்பான். அன்று அவன் வைத்துவிட்டுப் போன பிறகு, நான் என் இடத்துக்கு நடந்துபோகும் வழியில் அதை பூட்ஸ் முனையால் அவன் பக்கமாகத் தள்ளினேன். அதனால் அவன் தாமதமாகக் கிளம்புவான், நான் அவன் குதிகாலுக்கு மிக அருகில் வந்துவிடுவேன். எல்லாம் அப்படியே நடந்தது. "கை" என்றேன். கை நீண்டது, விரல்கள் விரிந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. கோலை அழுத்தி வைத்தேன். அவன் விரல்கள் மூடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஆணிக்காலை அவன் குதிகாலில் இறக்கினேன். முன்னதாக இறக்கியிருந்தால் கோல் விழுந்திருக்கும், கிளப் தோற்றிருக்கும். அப்படிச் செய்கிறவன் நானில்லை.

குதிகாலுக்கு மேலே சதை ஆழமாகக் கிழிந்திருந்தது. ரத்தம் புல்லில் சிந்திய இடத்தை மைதானத்துக் காவல்காரர் பார்த்திருக்கிறார், அவரைக் கேளுங்கள். கோட்டுக்கு நாலு கஜம் உள்ளே. ரத்தம் சிந்தும் முன்பே கோல் மாறிவிட்டது. எனவே கோல் மாறியது கோட்டுக்கு உள்ளே. இதற்கு மேல் தெளிவான சாட்சியம் எந்தப் பந்தயத்திலும் கிடைத்திருக்காது.

அந்தக் காலோடு அவன் முழுத் தூரமும் ஓடி, ஒரு மார்பு வித்தியாசத்தில் கயிற்றை அறுத்தான். ஜனங்கள் தூக்கினார்கள். இறக்கிவிட்டதும் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான். "தப்பு என்னோடது வாத்தியாரே. லேட்டா கெளம்பிட்டேன். உங்க காலுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றான்.

பரவாயில்லை என்றேன்.

அவனை ஜட்காவில் வைக்கோல் மேல் படுக்க வைத்ததும் நான்தான். "வைக்கோல் வேணாம் மாஸ்டர், காயம் கீது" என்று ஷரஃபுதீன் பதறினார். வேறு வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வழியில் ஒரு மருந்துக்கடை டாக்டரிடம் நிறுத்தினோம். காயத்தில் வைக்கோல் பட்டதை ஷரஃபுதீன் சொல்ல வாயெடுத்தார். நான் அவரைக் குதிரையைப் பிடித்துக்கொள்ள வாசலுக்கு அனுப்பினேன். காயம் எங்கே பட்டது, மண்ணா, சாணமா, ஊசி போட வேண்டியிருக்குமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். மைதானத்தில் பட்டது, சுத்தமான புல் என்றேன். அவர் கேட்டது இடத்தைப் பற்றி. மைதானத்துப் புல் சுத்தமாகத்தான் இருந்தது. அவர் கழுவிக் கட்டு மட்டும் போட்டு அனுப்பினார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு நீண்ட காய்ச்சல், அவ்வளவுதான். ரயில்வேக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு. ஷரஃபுதீனுடைய தம்பி இதே நோயில் செத்ததாக அவர் முன்பு ஒருமுறை சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தம்பி நோஞ்சான் என்றும் சொல்லியிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனை மூன்று முறை போய்ப் பார்த்தேன். இசிவு வரும்போது உடம்பு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் படும். வெளிச்சம் பட்டாலும் வளையும், கதவு சாத்துகிற சத்தத்துக்கும் வளையும். பல் இறுகிவிட்டதால் பேச்சு கிடையாது. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். கடைசி முறை நான் அவன் தலைமாட்டில், அவனுக்குத் தெரியாத பக்கமாக நின்று, மெல்லக் "கை" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. கை அசைந்தது. விரல்கள் விரிய முயன்றன. உடனே இசிவு வந்துவிட்டது. நான் வெளியே வந்துவிட்டேன்.

ஷரஃபுதீன் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "என் வண்டி வைக்கோல்தான் மாஸ்டர். என் புள்ளைய நானே கொன்னுட்டேன்." அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். விதி என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு குதிரைகளையும் அவர் விற்றுவிட்டார் என்று கேள்வி.

இதைச் சர்ச்சில் பாவமன்னிப்புக் கேட்கும்போது சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு ரிலே தெரியாது. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், புகார் பொய் என்பது ஒன்றுதான். நீங்கள் எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டீர்கள், தலைவர் அவர்களே. தயவுசெய்து எழுதுங்கள். கோல் மாறியது கோட்டுக்கு உள்ளே. இனாயத் நேர்மையாக ஓடி ஜெயித்த கோப்பை அது, அதை அவன் பெயரிலிருந்து பறிக்க நான் விடமாட்டேன். போலீசுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் அனுப்புங்கள், நான் காத்திருக்கிறேன். ஆனால் மாலைப் பயிற்சிக்கு முன்னால் முடிந்துவிட்டால் நல்லது.

கடைசி ஓட்டத்துக்கு இனி யார் என்று வடிவேலு கேட்டான். வேறு ஆளில்லை, நானே ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகப் பயிற்சி நடக்கிறது. கால் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான். பின்னாலிருந்து "கை" என்று குரல் வந்ததும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுகிறேன். பயிற்சி விட்டுப்போனதால் வந்த பழக்கம் அது, அடுத்த பந்தயத்துக்குள் சரியாகிவிடும்.