நானே தட்டச்சுச் செய்த கடிதம்

“குப்புறப் படுங்கோ! குப்புறப் படுங்கோ!”

கத்துவது யாரென்று தெரியவில்லை. படுக்கிறேன். மடிக்கணினியை வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறேன். தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். பிறகு கூவல். ஏழு எண்ணினால் வெடிக்கும். எண்ணினேன். வெடித்தது. பங்கர் வாசலில், சேலையில் தைத்து அடுக்கிய மண்மூட்டை சரிந்தது. வெள்ளிக்கிழமை. காலை பத்து இருபது. கடிதத்தின் மூன்றாவது பந்தியில் நிற்கிறேன்.

ஐரோப்பாவுக்குப் போகும் கடிதம். தோற்றுக்கொண்டிருந்த இயக்கப் பொறுப்பாளர்கள் தமிழில் சொல்வார்கள். நான் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்வேன். உடனே தலையிடுங்கள். கப்பல் அனுப்புங்கள். செத்தவர்களின் தொகை வரும் இடத்தை வெறுமையாக விடச் சொன்னார்கள். பிறகு நிரப்புவார்களாம். ஏன் பிறகு? அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது யாரையும் கேட்காமல் விடுவதில்லை.

அன்று பின்னேரம் அக்கா வந்தாள். மூட்டை கட்டிவிட்டாள். அத்தான், இரண்டு பிள்ளைகள், பக்கத்துப் பங்கர்க் குடும்பம், எல்லோரும் சேர்ந்து களப்புத் தண்ணீரைக் கடந்து ஆமிப் பக்கம் போவதாக ஏற்பாடு. நான் பொறுப்பாளர்களோடு வேலை செய்கிறவள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி, போகவா நிற்கவா என்று கேட்டாள்.

“ஐரோப்பாவில இருந்து கப்பல் வரும் அக்கா. பொறுத்திருங்கோ.”

அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. கடிதம் கப்பல் கேட்டது, அவ்வளவுதான். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் வாசிக்க அது அவ்வளவு உறுதியாக இருந்தது. தட்டச்சுச் செய்த நானே நம்பிவிட்டேன். மடைச்சி. அக்கா மூட்டையை அவிழ்த்தாள்.

ஞாயிறு. காலை ஆறு ஐந்து. கூவல். மூன்றுகூட எண்ணவில்லை, வெடித்துவிட்டது. அக்காவின் பங்கர்ப் பக்கம்.

இப்போது வெளிநாட்டில், வென்ட்வேர்த்வில். குசினியில், சாப்பாட்டு மேசையில் மகள் பள்ளிக்கூட அசைன்மென்ட் எழுதுகிறாள். சிலுவைப்போர். தோற்றுப்போன தலைவர்கள் பாப்பரசருக்கும் ஐரோப்பிய அரசர்களுக்கும் உதவி கேட்டு எழுதிய கடிதங்கள். எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாசித்துக் காட்டுகிறாள். விழுந்த நகரங்கள். செத்த பிரபுக்கள். உடனே வாருங்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

“எழுதினவன் தப்பினவனோ? தண்ணி அள்ளின சாதாரண சனம் எத்தனை பேர் செத்தது எண்டு போட்டிருக்கோ?”

“அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ சோர்ஸ். ஹெல்ப் வந்தது. பட் டூ லேட்.”

யாருக்காக வந்தார்கள்? அதிலும் எனக்குச் சந்தேகம். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். தலைவர்களின் பெயர் இருந்தது. அதை உட்கார்ந்து எழுதியவனின் பெயர் இல்லை. அவனும் தன் வீட்டாரிடம் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பானோ? இதை மட்டும் மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெரியம்மா ஷெல்லில் செத்தாள் என்பதுதான்.

அந்த வெறுமையான இடத்தைக் கடைசிவரை யாரும் நிரப்பவில்லை. என் பங்குக்கு நான் நிரப்புகிறேன்.

அக்கா. அத்தான். நிரோஜா, ஒன்பது வயது. துசி, நாலு வயது. ஒரு மூட்டை உடுப்பு, அவிழ்த்தது. வந்த கப்பல், ஒன்றும் இல்லை.

பக்கத்துப் பங்கர்க் குடும்பம் என்னைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையே களப்பைக் கடந்தார்கள். ஐந்து பேர். ஐந்து பேரும் இருக்கிறார்கள்.