ஒரு ‘க்’ குறையுது

தம்பி: ஐயோ, மெதுவா வைக்கா! கேமரா மேல போய் சாப்பாட்டு டப்பாவ வைக்கிறியே!

அக்கா: வேற எங்கடா வைக்க? ஆபீஸ்னு பேரு. இருக்கறது ஒரே ரூம், மேசை பூரா பேப்பர்.

தம்பி: ஒரு வருஷமா எங்கிட்ட பேசாத அக்கா, வந்ததும் வராததுமா திட்டறா. கனவா நனவா?

அக்கா: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆமா... நாளையிலேருந்து உன் செய்தித் தளத்துக்குப் பூட்டு போடறியாமே?

தம்பி: யாரு சொன்னா?

அக்கா: பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க.

தம்பி: காலையிலதான் தளத்துல போட்டேன், அதுவும் கடைசி வரியில. அதுக்குள்ள பஸ் ஏறிடுச்சா?

அக்கா: ஊர் வாய்! நான்தான் உன் செய்தியத் தொடறதில்லையே.

தம்பி: தெரியுமே. உங்க ஸ்கூல் கூரை விரிசல் செய்தி வந்த அன்னிக்கு, எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணினியே.

அக்கா: பின்ன? எழுதினது தம்பி, தலைமை ஆசிரியை நானு. ஏன் முன்னாடியே சொல்லலைன்னு மேலதிகாரிங்க என்னையே நிக்க வெச்சுக் கேட்டாங்கடா... சரி, விடு. பூட்டு எதுக்கு?

தம்பி: வாடகை, கரண்ட், கூட வேலை பாக்கறவளுக்குச் சம்பளம். வாசகருங்க இஷ்டப்பட்டுக் குடுக்கறது பத்தலக்கா. இனிமே பேரு, போன் நம்பர் போட்டு, காசு கட்டினாத்தான் படிக்கலாம்.

அக்கா: பேரா? பேரு எதுக்கு?

தம்பி: படிக்காதவளுக்கு என்ன கவலை?

அக்கா: எனக்காகவா கேக்கறேன்! பேரு சொல்லாமக் குடுக்கறவங்க இருப்பாங்கல்ல...

தம்பி: ஒருத்தர் இருக்கார். மாசாமாசம் பணம் வரும். கூடவே அதட்டல் வரும். ‘பள்ளி கட்டடம் இல்லை, பள்ளிக் கட்டடம். க் எங்கே?’ அவருக்கு ‘க் ஐயா’ன்னே பேரு வெச்சிட்டோம்.

அக்கா: ஐயாவா! ஏன், அம்மாவா இருக்கக் கூடாதா?

தம்பி: இருக்கலாம்... தாராளமா.

அக்கா: சிரிக்காத. அந்த விரிசல் செய்திய காசு கட்டித்தான் பாக்கணும்னு இருந்திருந்தா, எங்க பிள்ளைங்களோட அப்பா அம்மால பாதிப் பேரு பாத்திருக்கவே மாட்டாங்க. பாத்ததாலதான் ஸ்கூல் கேட்டுல வந்து நின்னாங்க. நின்னதாலதான் கூரைய மாத்தினாங்க. நான் குடுத்த மனுவெல்லாம் மேலிடத்துல தூங்கிக்கிட்டு இருந்துச்சு... இப்ப அந்த ரூமுல பிள்ளைங்க கத்தறப்பல்லாம் உன்னத்தான்டா நெனச்சுக்கறேன்.

தம்பி: அக்கா... இத ஏன் சொல்லவே இல்ல?

அக்கா: சத்தியம் பண்ணிட்டு எப்படிடா எறங்கி வர? அத விடு. பூட்டாத. வெக்கப்படாமக் கேளு. இவ்வளவு குறையுது, முடிஞ்சவங்க குடுங்க, முடியாதவங்க சும்மா படிங்கன்னு.

தம்பி: கேட்டாக் குடுப்பாங்களா?

அக்கா: ஒருத்தன் மேல பத்து வாட்டி கோவம் வந்தாலும், அவன் வேணும்னு தோணினா குடுப்பாங்க. எழுது, நான் பாக்கறேன்.

தம்பி: சரி, பூட்டு வேண்டாம். இந்தா, அடிக்கறேன்... ‘வாசகர்களுக்கு கோரிக்கை’...

அக்கா: க்! வாசகர்களுக்குக் கோரிக்கைடா! எத்தன வாட்டிதான் எழுதி அனுப்பறது உனக்கு!

தம்பி: என்ன சொன்ன?

அக்கா: ...சாப்பிடு. ஆறிடும்.

தம்பி: அனுப்பறது யாருக்கா?

அக்கா: அது... அந்த ஐயா...

தம்பி: ம்ம்.

அக்கா: எப்பலேருந்துடா தெரியும்?

தம்பி: முதல் மாசமே. ‘எங்கே?’ன்னு அப்படி அதட்ட இந்த உலகத்துல வேற யாரு இருக்கா?

அக்கா: திருட்டுப் பயலே! தெரிஞ்சுமா மாசாமாசம் தப்பா எழுதின? இவ்வளவு சொல்லியும் ஒரு க் போட வரலியா உனக்கு?

தம்பி: வராம என்னக்கா... சரியா எழுதிட்டா, நீ எங்கிட்ட பேசறதுக்கு வேற என்ன இருந்துச்சு?