ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான்; பிறர் பேச்சுக்குச் செவி கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை. திருச்செங்கோட்டிலிருந்து சேலம் செல்லும் பேருந்தில், முன்னிருக்கைப் பெண் குரலை உயர்த்தியதால் மட்டுமே இது என் காதில் விழுந்தது. அவள் கணவன், வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்பவன்; சேலத்தில் ரயிலேறி அங்கே திரும்பப் போகிறவன். மடியில் லேப்டாப் பை வைத்திருந்தான்.

“ஏனுங்க, காசு குடுத்து வாங்குன கேமுங்க. நான் ஊட்டுல திறந்தா உங்களுக்கு அங்க மூடிக்குது. நம்மளையே திருடனாட்டம் சந்தேகப்படுது.”

“ஒரு நேரத்துல ஒரு கம்ப்யூட்டர்லதான் ஓடும் புள்ள. யாரும் காப்பி எடுக்கக் கூடாதுன்னு பூட்டு வெச்சிருக்கறான்.”

“சேலத்துல ஒரு கடையில பூட்டை எடுத்துத் தர்றாங்களாமா. ரயிலுக்கு முன்னால போயிட்டு வந்தரலாங்க.”

“வேண்டாம்.”

“பாதி ஆட்டத்துல தொரத்திவுடுதுன்னு நீங்கதான போன்ல கத்துனீங்க?”

“கத்துனேன். அப்புறந்தான் யோசிச்சேன். அது மூடுனா, நீ வேலையெல்லாம் முடிச்சுட்டு உக்காந்துட்டேன்னு எனக்குத் தெரியுது.”

பேருந்து சங்ககிரியைத் தாண்டியது. பிறகு, “தெனமும் ஒருக்கா திறக்கறனுங்க” என்றாள்.

சேலத்தில் நான் இறங்கும்போது, அந்த இருவரும் வழியெல்லாம் சண்டையிட்டு வந்ததாக நடத்துநர் சொன்னார். அவர்கள் சண்டையிடவில்லை.