நூற்றுநாற்பது பக்கமும் ஒரு தாளும்

— சட்டை மெஷினுக்குள்ள, தண்ணியும் உள்ள, கதவு பூட்டிக்கிச்சு. மணி நாலாச்சு. ஆறு மணிக்குப் பனியனோடதான் மேடையேறப் போறீங்களா?

— கொஞ்சம் சும்மா இரு. அதான் மெஷினோட வந்த தாளைப் பாக்கிறேன்ல.

— அந்தத் தாளையா? எல்லாப் படத்துக்கும் கீழ ஒரே வரிதானே, ‘சேவை மையத்தை அழைக்கவும்’. அழைச்சீங்களே, என்ன சொன்னாங்க?

— வியாழக்கிழமை வருவாங்களாம்.

— உங்க கம்பெனி வாஷிங் மெஷின், நீங்க போட்ட தாள், அந்தத் தாளுக்குத்தான் இன்னிக்கு விருது. ரொம்ப அழகு. அதான் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வாங்க தம்பி, உள்ள வாங்க.

— என்னக்கா, கதவு அடம் பிடிக்குதா? சார் சார், ஸ்க்ரூடிரைவரைக் கீழ வைங்க. நெம்பினா ரப்பர் கிழிஞ்சிடும்.

— தம்பி, நான் இந்தக் கம்பெனியில கையேட்டுப் பிரிவுக்கே தலைவர். நூத்திநாப்பது பக்கத்தை ஒரே தாளாச் சுருக்கினது நான்தான். வாடிக்கையாளருக்குச் சிரமம் தரக் கூடாது, அதுதான் எங்க கொள்கை.

— அந்தப் புண்ணியவான் நீங்கதானா! உங்க தயவுல ஒரு நாளைக்குப் பத்து வீடு சார் எனக்கு. நல்லா இருங்க.

— அது என்னப்பா உன் கையில, கந்தலா?

— பழைய கையேடு, ஜெராக்ஸ். புது மெஷின்லயும் உள்ள எல்லாம் அதேதான் சார், எழுதி வைக்கிறதுதான் நின்னு போச்சு. அறுபத்திமூணாம் பக்கம் கேளுங்க: ‘பதறாதீர்கள். கீழே மூலையில் ஒரு சிறிய மூடி உண்டு. அதைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பக்கத்தில் தொங்கும் பட்டையை மெல்ல இழுங்கள். உங்களால் முடியும்.’ இந்தாங்க, திறந்தாச்சு.

— இவ்வளவுதானா?

— இவ்வளவேதான். பத்தாவது பெயிலான என்கிட்ட ‘உங்களால் முடியும்’னு முதல்ல சொன்னது இந்தப் பக்கம்தான் சார். எழுதினவரைப் பாத்தா கையைப் பிடிச்சுக்கணும். யாரு சார் அவரு?

— அது... ஒரு குழு. தனியா ஆளுன்னு யாருமில்ல.

— குழுவா? ஏங்க, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

— நீ போய் சட்டையை அயர்ன் பண்ணு.

— தம்பி, எழுதினது இவர்தான். கல்யாணமான புதுசு. ஒவ்வொரு பக்கத்தையும் என் கையில குடுத்து, மெஷின் முன்னாடி உட்கார வச்சு, ‘நீயே செஞ்சு பாரு, புரியலேன்னா என் தப்பு’ம்பாரு. அந்தப் பட்டையை முதமுதல்ல இழுத்தவளே நான்தான்.

— அப்போ... காலையிலேருந்து வாய் ஓயாமப் பேசினியே, இந்தப் பட்டை விஷயத்தை மட்டும் ஏன் சொல்லல?

— உங்களுக்கே ஞாபகம் வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேங்க.