வடிவாம்பாள் நின்ற கண்ணாடி

விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். இது என் சிநேகிதனின் பெரியப்பா கைலாசத்துக்கு நடந்தது.

1961, ஆனி மாதம். ராத்திரி மணி ஏழரை. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் சாலையில் ஈ காக்கை இல்லை... சாரல் மட்டும். கைலாசம் தன் பழைய மரக் கேமராவைத் தோளில் வைத்து நடந்து வந்தார். தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

அவர் மனைவி வடிவாம்பாள் போய்ப் பதினெட்டு வருஷம். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவள். ஆனாலும் கேமராவைச் சரிபார்க்கப் புருஷன் கூப்பிட்டால் வந்து நிற்பாள். "தகடு போட மாட்டீயள்லா?" என்று கேட்டுக்கொண்டுதான் நிற்பாள். உள்ளே கண்ணாடித் தகடு போட்டால்தானே படம் விழும். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஜுரத்தில் போய்விட்டாள். ஒரு படம்கூட இல்லை.

ஆனால்... கைலாசம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், பெட்டியின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் அவள் நின்றாள். அதில் எல்லாமே தெரிவதுபோலத் தலைகீழாக, சிரித்துக்கொண்டு. துணியை விலக்கினால் வெறும் நாற்காலி. வேறு யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அவருக்குப் பயமே இல்லை. அந்தக் கண்ணாடியோடுதான் குடித்தனம் நடத்தினார், பாவம்.

மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணம் கூடிவந்தது. "அம்மை படத்துக்கு மாலை போட்டுட்டுத்தான் மணையில உக்காருவேன்" என்றாள். கண்ணாடியில் நிற்கிறவளையே படம் பிடித்துவிட நினைத்தார். தகடு வரத்து நின்றுபோய், பிலிம் சுருள்தான் கிடைத்தது. சுருள் மாட்ட வேண்டுமானால் பின்பக்கத்தை அறுக்க வேண்டும்.

குற்றாலத்துத் தச்சர் கிதிர் முகம்மது தயங்கினார். "பழசு பழசாவே இருக்கட்டும் அண்ணாச்சி. மாட்டிக் கழத்துத மாதிரி தனியா ஒண்ணு செஞ்சு தாரேன். பத்து நாள் பொறுங்க."

"கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கு பாய். அறுங்க."

ரம்பம் இழுத்தது... கர்... கர்... 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி இரண்டாகப் பிளந்தது.

அந்தப் பெட்டியைச் சுமந்துதான் அன்று அந்தச் சாலையில் வந்தார். பின்னால் மருக்கொழுந்து வாசம், வடிவாம்பாள் தலையில் வைப்பது. ஈரச் சேலை காலில் தட்டும் சத்தம்... சளக்... சளக்... அவர் நின்றார். அது நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போயிற்று. "வடிவு" என்றார்.

மறுநாள் வெறும் நாற்காலியை எட்டுப் படம் எடுத்தார். கழுவினால் எட்டிலும் நாற்காலிதான். மனைவி செத்த அன்றுகூட மனுஷன் அப்படி அழவில்லை.

கல்யாணத்தன்று மகள் அந்த வெறும் நாற்காலிக்கே மாலை போட்டுவிட்டு மணையில் உட்கார்ந்தாள். பிறகு குடும்பத்தை நிறுத்தி, அதே பெட்டியில் ஒரு படம் எடுத்தார். அதில் எல்லாரும் நேரே பார்க்கிறார்கள். மகளுக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறாள்.

படத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. மறுவீடு வந்த மகள் தானாகவே கேட்டாள்.

"ஏம்ப்பா, படம் எடுக்கையில எம் பின்னால நின்னு அழுதது யாரு? திரும்பிப் பாக்கலாம்னு இருந்தேன்... நீங்கதான் அசையாதேன்னுட்டீய."